கொமாஞ்சிகளுக்கும் டெக்சஸ் குடியேறிகளுக்கும் இடையில் சமாதானம் ஏன் நிற்கவே இல்லை?

“கொமாஞ்சிகள் இயல்பிலேயே போர்வெறி பிடித்தவர்களா, இல்லை வெள்ளைக்காரக் குடியேறிகள்தான் வம்பை இழுத்தார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கொமாஞ்சிகள் டெக்சஸ் பக்கத்துச் சமவெளிகளில் வாழ்ந்த ஒரு பூர்வகுடி. அமெரிக்கப் பூர்வகுடிகளின் வரலாறு எனக்குப் பிடித்த வாசிப்பு. இந்தக் கேள்விக்கு நேரடியாக ஒரு பக்கம் சாய என்னால் முடியவில்லை. நான் பார்த்தவரை சிக்கல் வேறிடத்தில் இருந்தது: வாக்குக் கொடுத்தவர்களால் தங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இது இரண்டு பக்கத்துக்குமே பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொமாஞ்சிகள் பரிதாபத்துக்குரிய அப்பாவிகள் அல்ல. வடக்கே வயோமிங் பக்கம் ஷோஷோனி என்ற இன்னொரு பூர்வகுடியோடு இருந்தவர்கள், ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரை கைக்கு வந்ததும் தெற்கே இறங்கினார்கள். அங்கே இருந்த அப்பாச்சி என்ற பூர்வகுடியைச் சமவெளியிலிருந்து விரட்டினார்கள். மெக்சிகோவுக்குள் துராங்கோ வரை போய்க் குதிரைகளையும் ஆட்களையும் பிடித்து வந்தார்கள். கைதிகளுக்கு நேர்ந்த கொடுமையை எந்த நியாயம் பேசியும் மறைக்க முடியாது. சிலரைச் சித்திரவதை செய்தார்கள், சிலரை விற்றார்கள், சிலரைச் சொந்தப் பிள்ளையாக வளர்த்தார்கள்.

ஆனால் அதே கொமாஞ்சிகளோடு நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் அன்சா 1786ல் செய்துகொண்ட சமாதானம் தலைமுறைக்கணக்கில் நின்றது. வியாபாரம் நடந்தது, பரிசுகள் போய்ச் சேர்ந்தன, வேட்டை நிலத்தை அளந்து பட்டா போட ஆயிரக்கணக்கில் யாரும் வந்து இறங்கவில்லை. டெக்சஸில் நடந்தது இதற்கு நேர்மாறு.

கொமாஞ்சிகளுக்கு எல்லாருக்கும் பொதுவான ராஜா கிடையாது. பெனடெக்கா, கொட்சொடெக்கா, யம்பரிக்கா, குவாஹடி என்று தனித்தனிக் குழுக்கள். ஒரு குழுவுக்குள்ளேயே தலைவர் சொல்வது யோசனைதான், கட்டளை இல்லை. இது புரியாமல்தான் 1840 மார்ச் 19 அன்று சான் அந்தோணியோவில் அந்தப் பயங்கரம் நடந்தது. பெனடெக்காத் தலைவர்கள் சமாதானம் பேச மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். மெட்டில்டா லாக்ஹார்ட் என்ற பதின்வயதுப் பெண்ணையும் சில மெக்சிகோக் குழந்தைகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் இருந்த கோலத்தைப் பார்த்து டெக்சஸ் தரப்பு கொதித்துப்போனது. மற்ற கைதிகள் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் வேறு குழுக்களிடம் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. சரி, அவர்கள் வந்து சேரும்வரை நீங்கள்தான் பிணை என்று சொல்லி அறைக்குள் சிப்பாய்களை நிறுத்தினார்கள். கத்திகள் வெளியே வந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. 12 தலைவர்கள் உட்பட சுமார் 35 கொமாஞ்சிகள் செத்தார்கள். டெக்சஸ் பக்கம் 7 பேர்.

தூது வந்தவர்களைப் பிடித்து வைப்பது கொமாஞ்சிகளின் கண்ணில் மன்னிக்கவே முடியாத குற்றம். ஆகஸ்டில் ‘எருமைத் திமில்’ என்று பெயர்கொண்ட தலைவர் நூற்றுக்கணக்கான வீரர்களோடு கடற்கரை வரை இறங்கி லின்வில் என்ற துறைமுக ஊரைக் கொளுத்தினார். ஊர் மக்கள் படகுகளில் ஏறி, தண்ணீரில் மிதந்தபடி தங்கள் வீடுகள் எரிவதைப் பார்த்தார்கள். கிடங்கிலிருந்த உயரமான பட்டுத் தொப்பிகளை அணிந்துகொண்டு வீரர்கள் திரும்பினார்களாம். லின்வில் அப்புறம் எழவே இல்லை.

டெக்சஸ் தரப்பும் கட்டுக்குள் இருந்ததில்லை. அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸின் அதிபர் சாம் ஹூஸ்டன் சமாதானம் வேண்டும் என்றார், இடையில் அதிபரான லமார் விரட்டியே ஆக வேண்டும் என்றார். “ஒரு எல்லைக்கோடு போடுங்கள், இந்தப் பக்கம் வராதீர்கள்” என்று கொமாஞ்சிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஹூஸ்டனே விரும்பினாலும் அந்தக் கோட்டைத் தாண்டி நில அளவைக்காரர்கள் போவதை அவரால் தடுக்க முடியாது. 1845ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோதும் டெக்சஸ் தன் பொது நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் பழங்குடிகளுக்கென்று ஒதுக்க வாஷிங்டனின் கையில் அங்கே நிலமே இல்லை. 1850களில் மாநிலம் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தது. அதையும் குடியேறிகள் விட்டுவைக்கவில்லை. 1859ல் அங்கிருந்தவர்களைப் பத்திரமாக ஓக்லஹோமா பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் நெய்பர்ஸ் என்ற அரசு அதிகாரியை, ஒரு வெள்ளைக்காரரே முதுகில் சுட்டுக் கொன்றார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 1847 தொடக்கத்தில் டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களின் தலைவர் மொய்ஸ்பாக் சுமார் நாற்பது பேரோடு கொமாஞ்சிகளின் நாட்டுக்குள்ளேயே போனார். முகாமை நெருங்கியதும் துப்பாக்கிகளை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலி செய்தார்கள். ‘எங்கள் கையில் இனி ஒன்றுமில்லை’ என்று காட்டத்தான். 3,000 டாலர் மதிப்புள்ள பொருட்கள் தருவோம், நீங்கள் எங்கள் ஊருக்கு வரலாம், நாங்கள் லானோ ஆற்றுப் பக்கம் நிலம் அளக்கலாம் என்று பேசி முடித்தார்கள். மே 9 அன்று ஜெர்மானியர்களின் ஊரான பிரெடரிக்ஸ்பர்க்கில் கையெழுத்தானது. மீறப்படாத ஒப்பந்தம் என்று அந்த ஊர் இன்றும் பெருமைப்படுகிறது. கொஞ்சம் மிகைதான். ஒப்பந்தம் பெனடெக்காக்களோடு மட்டும். அவர்களிலும் பெரும்பகுதியை 1849ல் காலரா கொண்டுபோய்விட்டது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தவரும் பெற்றவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, தங்களால் முடிந்ததை மட்டும் பேசியதால்தான் அது அந்த அளவுக்காவது நின்றது என்று நினைக்கிறேன்.

மற்றபடி முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோல்ட் ரிவால்வர் வந்ததும், ஒரு குண்டு சுட்டுவிட்டு மறு குண்டு போடுவதற்குள் அம்பு மழை பொழியும் பழைய அனுகூலம் போயிற்று. 1870களில் தோல் வியாபாரிகள், கொமாஞ்சிகள் வேட்டையாடி வாழ்ந்த பைசன் என்ற காட்டெருமை மந்தைகளை அழித்தார்கள். 1874 செப்டம்பரில் பாலோ டியூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சி பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுத் தள்ளச் சொன்னார். அங்கே செத்த மனிதர்கள் மிகக் குறைவு. ஆனால் குதிரையும் கூடாரமும் இல்லாமல் குளிர்காலத்தை எப்படிக் கடப்பது?

1875 ஜூனில் கடைசியாகச் சரணடைந்த குவாஹடிகளோடு வந்தவர் குவானா பார்க்கர். 1836ல் டெக்சஸ் குடியேறிகளின் பார்க்கர் கோட்டையிலிருந்து சிறுமியாகக் கடத்தப்பட்டு, கொமாஞ்சியாகவே வளர்ந்து, பின்னாளில் ‘மீட்கப்பட்டு’, திரும்பிப் போக ஏங்கியே செத்த சிந்தியா ஆன் பார்க்கரின் மகன். அதுவரை இல்லாத ‘எல்லாக் கொமாஞ்சிகளுக்கும் ஒரே தலைவர்’ என்ற பதவியை அமெரிக்க அரசு அவருக்குத்தான் கொடுத்தது. மனிதர் அதை வீணாக்கவில்லை. கொமாஞ்சிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்தின் புல்வெளியை டெக்சஸ் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கே குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கினார். 1901ல் அரசு அந்த நிலத்தைத் தலைக்கு 160 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்து, மிச்சத்தில் பெரும்பகுதியைக் குலுக்கல் போட்டுக் குடியேறிகளுக்குத் திறந்துவிடும்வரை அந்த வருமானம் வந்துகொண்டிருந்தது.