அஸிஸுல்ஹஸ்னியின் காலில் ஏறிய சிலாம்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியச் சைக்கிளோட்ட வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங்கைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் பதினான்கு வயதான என் மகன் மூன்று முறை படித்தான். காலில் மரச்சிலாம்பு குத்தி நிற்க அவர் பந்தயத்தை முடித்த இடத்தை எனக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். சென்ற வாரம் பயிற்சியில் விழுந்தவன், முட்டி வீங்கியதை மூன்று நாள் மறைத்துவிட்டான். கேட்டால், “அவரு நிறுத்தலையே அம்மா” என்கிறான். இவனுக்கு நான் என்ன சொல்வது?

ஒரு தாய், பத்தாங் பெர்ஜுந்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்தப் பகுதியை நான் முழுமையாக எழுதாமல் விட்டது தவறு. 2011 பிப்ரவரியில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், கெய்ரின் எனப்படும் சைக்கிள் பந்தயத்தின் இறுதியோட்டத்தில் பலர் சரிந்து விழுந்தபோது, பலகைத் தடத்திலிருந்து பெயர்ந்த ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளச் சிலாம்பு அவருடைய கெண்டைக்காலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தது. எழுந்து மிதித்து மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார் என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். கடந்ததும் அவர் நிற்க முடியாமல் சரிந்ததையும், அறுவை செய்தே அதை எடுக்க வேண்டியிருந்ததையும் நான் எழுதவில்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தபோது என் தந்தையின் நினைவு வந்தது. உங்கள் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் அவர். பாதத்தில் முள் ஏறிச் சீழ் வைத்த நிலையிலும், பழந்துணியைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், இரண்டு வாளிப் பாலையும் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார். அந்தத் துணியை அம்மா வெந்நீரில் ஊறவைத்துப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் அவர் போனார். அதை நாங்கள் வீரமென்று சொல்லியே வளர்ந்தோம். அவரோ சாகும்வரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

அஸிஸுல்ஹஸ்னியிடம் உங்கள் மகன் கற்க வேண்டியது கெய்ரின் என்னும் ஆட்டத்திலேயே இருக்கிறது. ஆறு சுற்று, மொத்தம் 1,500 மீட்டர். முதல் மூன்று சுற்றில் வீரர்களுக்கு முன்னால் செல்லும் மோட்டார் வண்டி, வேகத்தைச் சிறிது சிறிதாக மணிக்கு 50 கிலோமீட்டர்வரை ஏற்றும். அது தடத்தை விட்டு விலகும்வரை யாரும் அதை முந்தக்கூடாது. அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். மற்றவர் தோளுக்கு ஒரு சாண் இடைவெளியில், காலில் இருக்கும் பலத்தை அடக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும். டுங்குனில் பிறந்து, மெல்பர்னில் பல்லாண்டு பயிற்சி பெற்ற இவர், 2009-இலும் 2010-இலும் உலகப் போட்டிகளில் வெள்ளி பெற்றார். தங்கம் 2017-இல் ஹாங்காங்கில்தான் கிடைத்தது. இடையில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம்; 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், பிரிட்டன் வீரர் ஜேசன் கென்னி முன்கூட்டியே பாய்ந்து தங்கத்தைக் கொண்டுபோய்விட, பின்னால் வந்த கூட்டத்தில் முதல்வராக முடித்து வெள்ளி. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் அந்த மோட்டார் வண்டி விலகும்முன் முந்தியதற்காக முதல் சுற்றிலேயே தகுதி நீக்கப்பட்டார். அத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் அந்தக் கணத்தில் கால் முந்திவிட்டதை எண்ணி எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள். பிறவியிலேயே இதயத் தமனி ஒன்று தவறான இடத்திலிருந்து கிளைத்திருப்பது தெரியவந்தபோது, இதே மனிதர் பந்தயங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 2022 ஏப்ரலில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பாரிஸுக்குப் போனது அதற்குப் பிறகுதான். “அவரு நிறுத்தலையே” என்பதற்கு உங்கள் பதில் இதுவாக இருக்கட்டும்.

முட்டி வீங்கிய செய்தியைப் பயிற்சியாளரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவனே போய்ச் சொல்லட்டும். வீக்கம் வடிந்து மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒருநாள் நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தய அரங்குக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். வளைவில் அந்தப் பலகைத் தடம் வீட்டுக் கூரைபோல எழும்பி நிற்பதை அவன் நேரில் பார்க்க வேண்டும்.