மலையில மாட்டுக்கு என்ன படுக்கை போடலாம்? கேட்டதுக்கெல்லாம் பதில்

வணக்கங்க. கோத்தகிரி பக்கம் 11 கறவை வச்சிருக்கேன், ரெண்டு ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன்) கிராஸ், மத்ததெல்லாம் ஜெர்சி கிராஸ். கொட்டாயை கியூபிகிளா (ஒவ்வொரு மாடும் தனித்தனியா படுக்கற மாதிரி கம்பித் தடுப்பு வச்ச இடம்) மாத்துனதுல இருந்து வைக்கல், உமி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, ரப்பர் மேட்டுன்னு ஒண்ணு விடாம போட்டுப் பார்த்தாச்சு. படுக்கை பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

எமரால்டு தம்பி: அண்ணா, 6 மாட்டுக்கும் ரப்பர் மேட் வாங்கிப் போட்டுட்டேன். மேட் இருந்தா வேற படுக்கையே வேண்டாம்னு கடைக்காரர் சொன்னாரு, நீங்க மேல தூள் போடணும்னு சொல்றீங்களே?

போடணும் தம்பி. மேட்டு சிமெண்ட் தரையோட கடினத்தையும் ஜில்லுனு ஏறுற குளிரையும் தடுக்கும், அவ்வளவுதான். ஈரத்தை அது உறிஞ்சாது. மாடு ஒரு நாளைக்கு 12ல இருந்து 14 மணி நேரம் படுக்கும், அந்த நேரம் பூரா மடி எது மேல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, ஒழுகின பாலு, மூத்திரம், நம்ம ஊரு மூடுபனி ஈரம் எல்லாம் மேட்டு மேலயே நிக்கும். வெறும் மேட்டுல எந்திரிச்சு படுத்து பின்னங்கால் முட்டியில முடி போயி புண்ணும் ஆகும். ஒரு மாட்டுக்கு தினம் ரெண்டு மூணு கிலோ காஞ்ச மரத்தூள், அதுலயும் மடி வர்ற பின்பக்கமா தூவுங்க. வாரம் ஒரு தடவை மேட்டைத் தூக்கி அடியில கழுவிக் காயவிடணும், மேல பார்த்தா சுத்தமா இருக்கும், அடியில மூத்திரம் ஊறி நாறிக்கிட்டு இருக்கும். நான் செய்யற சோதனை ஒண்ணு சொல்றேன், படுக்கையில நீங்களே அரை நிமிஷம் முட்டி போட்டு உக்காருங்க. வேட்டி நனைஞ்சா மாட்டுக்கும் அது ஈரப்படுக்கைதான், முட்டி வலிச்சா மாட்டுக்கும் வலிக்குது.

குன்னூர்ல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, மரத்தூள், இழைச்ச சுருள், உமி, இதுல எது நல்லது? மில்லுல மரத்தூள் விலை கம்மியா கிடைக்குது, ஆனா கொஞ்சம் ஈரமா இருக்கு.

அந்த ஈரத்தூளை மட்டும் எடுத்துடாதம்மா. இதுல நான் அடிபட்டிருக்கேன். ஒரு ஜூன் மாசம், மழை பிடிச்சுக்கிச்சு, கையில சரக்கு இல்ல, ஒரு மில்லுல அன்னிக்குத்தான் அறுத்த பச்சை மரத்தோட தூளு 12 மூட்டை கொண்டு வந்து அப்படியே பரப்பிட்டேன், பத்து நாள்ல மூணு மாட்டுக்கு மடிநோய், அதுல நல்லா கறந்துக்கிட்டு இருந்த ஒரு மாட்டுக்கு ஒரு காம்பு அடியோட போச்சு. பச்சை மரத்தூள்ல கிளெப்சியெல்லான்னு ஒரு கிருமி இருக்கும், ஈரமும் மாட்டுச் சூடும் சேர்ந்தா ஒரே நாள்ல பெருகிடும், அது குடுக்கற மடிநோய்க்கு மருந்து சரியா பிடிக்கவும் பிடிக்காது. கையில ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாரு, கையைத் திறந்ததும் பொலபொலன்னு உதிரணும், கொழுக்கட்டை மாதிரி நின்னா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரு. விலை கூடுனாலும் இழைப்புக் கடையில வர்ற காஞ்ச சுருள் நல்லது, தூசி கம்மி, கிருமியும் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும். ஆனா மருந்து அடிச்ச மரம், பிளைவுட் தூள் எதுவும் கலந்திருக்கக் கூடாது, கேட்டு வாங்கு. உமியில நல்லதுன்னா காஞ்சு வரும், அது ஒண்ணுதான், மத்தபடி ஈரத்தை அதிகம் இழுக்காது, மேட்டு மேல நிக்காம வழுக்கி ஓடிரும், தூசி கண்ணுல விழும். மரத்தூளோட பாதிக்குப் பாதி கலந்து போட்டா பரவாயில்ல.

கோடநாடு அண்ணன் ஒருத்தர்: எங்க அப்பா காலத்துல சோலை ஓரமா பெரணி அறுத்துட்டு வந்துதான் மாட்டுக்குப் போடுவாங்க. இப்ப போடலாமா? சில்வர் ஓக் சருகு எப்படி?

பெரணி வேண்டவே வேண்டாங்கண்ணா. நீலகிரியில மாடு ரத்தமா மூத்திரம் போற நோய் ரொம்ப காலமா இருக்கறது உங்களுக்கே தெரியும், அந்த மாதிரி மாசக்கணக்குல இழுக்கறதுக்கு முக்கியக் காரணம் பெரணி தின்னறதுதான், அதுல இருக்கற நஞ்சு மூத்திரப்பையில புண்ணும் கட்டியும் உண்டாக்கும். காஞ்சாலும் நஞ்சு போகாது. படுக்கைதானேன்னு போடுவோம், மாடு ராத்திரி சும்மா இருக்காது, கிடைக்கறதை மென்னுக்கிட்டேதான் இருக்கும். (உண்ணிக் காய்ச்சல்லயும் மூத்திரம் சிவப்பா போகும், அதனால எதுன்னு நாமளே முடிவு பண்ணாம டாக்டரைக் கூப்பிடுங்க.) உண்ணிச்செடியும் அதே மாதிரி, ஈரலைக் கெடுக்கும், கொட்டாய்ப் பக்கமே கொண்டு வராதீங்க.

ஓக் சருகு தாராளமா போடலாம். தேயிலைத் தோட்டத்துல மாசி பங்குனியில கொட்டிக் கிடக்கும், காசு கிடையாது. வெயில்ல ரெண்டு நாள் நல்லா காய வச்சு, குச்சி, கவாத்து வெட்டுன தேயிலைக் கட்டை எல்லாம் பொறுக்கிட்டுப் போடுங்க, காம்புல குத்திரும். உறிஞ்சற தன்மை கம்மிங்கறதால அடியில சருகு, மேல மரத்தூள்னு போடறேன் நான். அப்புறம் எருவாவும் நல்லா மக்குது.

பூம்பாறையிலிருந்து: அண்ணா இங்க பூண்டு எடுத்தப்புறம் காஞ்ச தாள் மலை மாதிரி கிடக்கு, அதைப் பரப்பலாமா?

வேண்டாம்ங்க. மாடு தின்னா பால்ல பூண்டு வாசம் வந்துரும், தின்னாம மூச்சுல இழுத்தாக்கூட வரும். சொசைட்டியில பாலைத் திருப்பி விட்டுட்டா அன்னிக்குக் கறந்தது வீண். தாளைத் தனியா எருக்குழியில போடுங்க.

கூடலூர், புத்தூர்வயல்: வைக்கல் எங்களுக்கு இங்கயே கிடைக்குது. மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச கட்டுகளைத் தின்ன போடல, படுக்கைக்கு ஆகுமா?

ஆகாதுங்க. மேல சொன்ன மாதிரி படுக்கையை மாடு திங்கும், சினை மாட்டுக்குப் பூஞ்சையால கன்னு வீசுறது (கரு கலையறது) கூட நடக்கும், அள்ளிப் போடற உங்களுக்கும் நெஞ்சுக்கு ஆகாது. நல்ல வைக்கல்னா, அறுவடை முடிஞ்சு விலை இறங்கி இருக்கறப்ப வாங்கி அடுக்கி வச்சு, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்க, நீளமா போட்டா சாணி வழிக்கறப்ப சிக்கிக்கும். ஈரமான வைக்கல்ல வர்ற மடிநோய்க் கிருமி வேற, அதனால தினமும் நனைஞ்சதை எடுத்துட்டுப் புதுசு போடற ஆளுக்குத்தான் வைக்கல் சரிப்படும்.

கேத்தியிலிருந்து ஒரு சார்: வெளிநாட்டுல மணல்தான் பெஸ்டுன்னு சொல்றாங்களே?

மடிக்கு மணல் நல்லதுதான் சார், கிருமிக்குத் தின்ன அதுல ஒண்ணுமில்ல. ஆனா ஆத்து மணல் கீழ இருந்து லாரியில மலையேறி வரணும், அரை அடி உயரத்துக்கு நிரப்பணும், கோபர் கேஸ் வச்சிருந்தா தொட்டியில படிஞ்சு அடைச்சிடும். எம்-சாண்ட் (பாறையை உடைச்சு செய்யற மணல்) கூர் கூரா இருக்கும், குளம்பைத் தேய்ச்சிடும். நம்ம மலைக்கு வேண்டாம்.

அரவேணு அக்கா: பொள்ளாச்சியில இருந்து நார்க்கழிவு வருது, மெத்துன்னு இருக்கே தம்பி?

மெத்துன்னு இருக்கும்க்கா, ஏப்ரல் மே வரைக்கும் நல்லா இருக்கும். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியை இழுத்து வச்சுக்கும், அதுதான் அதோட பலமும் தொந்தரவும். கீழ்நாட்டு வெயில்ல மறுநாள் காஞ்சிரும், நம்ம மூடுபனியில ஒரு வாரம் ஆனாலும் காயாது, கருப்பா சேறு மாதிரி ஆகி மடியில ஒட்டிக்கும். கோடையில மட்டும் போடுங்க.

மஞ்சூர்: மழை மாசத்துல எதைப் போட்டாலும் ஈரம். என்ன பண்றது?

2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் குந்தா பக்கம் ரோடே இல்ல. உங்களுக்குத் தென்மேற்கு மழை, அதனால மே கடைசிக்குள்ள ஒரு மாசத்துக்கான தூளைக் காய வச்சு மூட்டை கட்டிடுங்க, எங்க கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு நாங்க புரட்டாசியிலயே அதைச் செய்யணும். மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல, சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வைங்க. மழை நாள்ல நிறைய போட்டு வைக்கறதை விட, கொஞ்சம் கொஞ்சமா காலையும் சாயங்காலமும் போடறதுதான் காஞ்சு இருக்கும். கறந்து முடிச்சதும் காம்புத் துளை அரை மணி நேரம் ஒரு மணி நேரம் திறந்தே இருக்கும், அதனால தீவனத்தைக் கறந்தப்புறம் போடுங்க, தின்னுக்கிட்டு நின்னுக்கிட்டிருக்கும், உடனே படுக்காது.

அவரே திரும்பக் கேட்டிருக்காரு, சுண்ணாம்பு போடலாமான்னு. போடலாம், நீத்த (தண்ணி விட்டு அடங்குன) சுண்ணாம்பு மட்டும், பின்பக்கமா ஒரு கைப்பிடி ரெண்டு கைப்பிடி தூளோட கலந்து. நீத்தாத சுண்ணாம்பு பட்டா தோல் வெந்துரும். ரெண்டு நாளைக்கு மேல அதோட வேலை நிக்காது. மார்கழி தை உறைபனியில காம்பு வெடிச்சிருந்தா அப்ப நிறுத்திடுங்க.

ஊட்டி, தும்மனட்டி: மெத்துன்னு போட்டும் ரெண்டு மாடு கியூபிகிள்ல படுக்காம நடைபாதையிலேயே படுக்குது.

அளவைப் பாருங்க. 400 கிலோ கிராஸ் மாட்டுக்கு அகலம் நாலு அடி கிட்ட வேணும், பின் விளிம்புல இருந்து முன்னாடி கட்டை (மாடு ரொம்ப உள்ள தள்ளிப் படுக்காம இருக்க வைக்கறது) வரைக்கும் அஞ்சரை அடி, எந்திரிக்கறப்ப தலையை முன்னாடி வீச இடம் வேணும். முன்னாடி சுவர் முட்டுனா படுக்காது. ரொம்ப நீளமாயிட்டா உள்ள தள்ளிப் படுத்து படுக்கையிலயே சாணி போடும். பின்பக்கமா 100க்கு 2, 3 சரிவு இருக்கட்டும்.

மன்னவனூர் அக்கா: பனிக்காலத்துல கன்னுக்குட்டிக்கு?

கன்னுக்கு மரத்தூள் பத்தாதுக்கா, வைக்கல்தான். கன்னு படுத்தா கால் வெளிய தெரியாம வைக்கலுக்குள்ள புதையணும், அந்த அளவுக்குக் கனமா போடுங்க, அப்பதான் உடம்புச் சூடு அதைச் சுத்தியே நிக்கும். காலையில கையை உள்ள விட்டுப் பாருங்க, கதகதன்னு இருந்தா சரி, ஈரமா இருந்தா அன்னிக்கே மொத்தத்தையும் அள்ளிப் போட்டுட்டு புதுசு போட்டுடுங்க.