கேட்பாரற்றுக் கிடந்த மோட்டார் படகை வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: சில ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த ஃபைபர் படகு ஒன்று மலிவாக வருகிறது. அவுட்போர்டு எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்கிறார் விற்பவர். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சின் தொங்கும் பின்பலகையைப் பாருங்கள். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் அந்தப் பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள அடைப்புப் பூச்சு விரிந்ததும் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர், வெளிப்பளபளப்பு சற்றும் குறையாமலே உள்ளிருக்கும் மரத்தை மக்கச் செய்துவிடும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் நான்கு விரற்கடைக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாக ஒலிக்கும், இற்றுப்போன இடம் நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பிறகு எஞ்சினைச் சற்றே உயர்த்தி நிறுத்தி, அதன் கீழ்முனையில் கைவைத்து அழுத்துங்கள். பலகை வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் உள்மரம் போய்விட்டது என்றே கொள்ளலாம். கீழ்ப்போல்ட் ஒன்றைக் கழற்ற விற்பவர் இசைந்து, அந்தத் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால், வேறு சோதனையே தேவையில்லை.

கேள்வி: அப்படி இருந்தால் வாங்கவே கூடாதா?

பதில்: வாங்கலாம்; ஆனால் எஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் உரிய விலையை மட்டும் கொடுங்கள். பலகையை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டுவது தூசியும் அரிப்பும் நிறைந்த பல வார வேலை. என் முதல் படகுக்கு ஆசையாசையாய்ப் பெயின்ட் அடித்து முடித்த பிறகே பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பெயின்டோடு சேர்த்தே வெட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி: ஒட்டுவதற்கு எப்பாக்சியா, பாலியெஸ்டர் ரெசினா?

பதில்: இரண்டுமே பூசிய பிறகு இறுகிக் கெட்டிப்படும் பிசின்கள்; கட்டமைப்பு வேலைக்கு எப்பாக்சிதான். கெட்டிப்பட்ட பழைய பாலியெஸ்டர்மேல் அது உறுதியாகப் பிடிக்கும். எப்பாக்சிமேல் பாலியெஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது. எதைப் பூசினாலும் மரம் முழுதும் உலர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: எஞ்சினை இயக்கிக் காட்டினார், சத்தமும் சீராக இருந்தது. அது போதாதா?

பதில்: போதாது. நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்த எஞ்சின் யாருக்கும் நல்ல பெயர் வாங்கித் தரும். குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை) அளந்து பாருங்கள்: தனித்தனி எண்களைவிட அவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமையே முக்கியம், 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஐயம் கொள்ள வேண்டும். கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்க்கையில் அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேள்வி: வாங்கிவிட்டேன். இயக்குவதற்கு முன் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுதும் வெளியேற்றுங்கள், கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பது அதன் பிசின்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரத்தை), பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். கரையில் வைத்து இயக்கும்போது, தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தி ஹோஸ் வழியே தண்ணீர் விட வேண்டும். ‘ஒரு நிமிடம்தானே’ என்று வறட்டில் ஓட்டினால் புது இம்பெல்லர் அந்த ஒரு நிமிடத்திலேயே கருகிவிடும்.

கேள்வி: என் படகில் பெட்ரோல் எஞ்சின் உள்ளேயே இருக்கிறது. பழுதான ஸ்டார்ட்டருக்குப் பதிலாகக் கார் ஸ்டார்ட்டர் போடலாமா? விலை மிகக் குறைவு.

பதில்: கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். படகுக்கென்று செய்யப்படும் ஸ்டார்ட்டர், உள்ளே தெறிக்கும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டது. காருக்கானதில் அந்தக் காப்பு இல்லை. சரியான பாகத்தைப் பொருத்திய பிறகும், ஒவ்வொரு முறையும் இயக்குவதற்கு முன் காற்று வெளியேற்றும் மின்விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, எஞ்சின் அறையை முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.