எப்போது பெரிய படம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் உரையில் குறிப்பிட்ட, கனடாவின் 'இன்னு' பழங்குடியைச் சேர்ந்த இயக்குநர் ரேயால் ஜூனியர் லெப்லானின் குறும்படங்களைத் தேடிப் பார்த்தேன். மனதைத் தொட்டன. பிரெஞ்சு தெரியாததால் பாதி பிடிபடவில்லை. திறமை தெரிகிறது, ஆனால் இவர் எப்போது பெரிய படத்துக்கு வருவார்? இவ்வளவு சின்னப் படங்களை வைத்து ஒருவரைக் கலைஞர் என்று சொல்லிவிட முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தேடிப்போய்ப் பார்த்தீர்களே, அதுவே எனக்கு நிறைவு. மொழி ஒரு தடையே அல்ல, இன்னொரு முறை பாருங்கள். கலைஞரா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை.

ஆனால் 'எப்போது பெரிய படம்' என்ற கேள்வியை விடமாட்டேன். சில நாட்களாக இதே கேள்விதான் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு என்று நம் ஊரில் பழகிவிட்டோம். அந்தக் கண்ணோடு, லெப்லான் வாழும் கியூபெக் மாகாணத்தின் வடகரைக்குப் போகாதீர்கள்.

லெப்லானின் ஊர் உவாஷாட் மாக் மானி-உதெனாம். மாண்ட்ரியலிலிருந்து சாலைவழி சுமார் 900 கிலோமீட்டர். 2012 மார்ச்சில், ரோமேன் நதி அணைகளிலிருந்து வரும் மின்கம்பிகள் தங்கள் நிலத்தின் வழியே போவதை எதிர்த்து அந்த மக்கள் 138-ஆம் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கலவரத் தடுப்பு உடையில் போலீஸ் வந்து நின்றது. எதிரே நின்றவர்களில் பெண்கள் அதிகம். கைதானவர்களிலும் அவர்களே அதிகம். லெப்லான் தன் சொந்த ஜனங்களுக்கு நடுவே கேமராவோடு இருந்தார். முழுநீளப் படத்துக்கு மனுப்போட்டு, நிதி வரும்வரை வருடக்கணக்கில் அவர் காத்திருக்கலாம். மறியல் காத்திருக்குமா?

அவருக்குக் கருவி தந்தது வாபிகோனி மொபில் என்ற நடமாடும் திரைப்பட வண்டி. கியூபெக் இயக்குநர் மானோன் பார்போ 2004-ல் அதிகமேக் என்ற இன்னொரு பழங்குடி மக்களோடு சேர்ந்து தொடங்கியது. வண்டிக்குள் கேமரா, எடிட்டிங் மேசை எல்லாம் உண்டு. ஓர் ஊரில் சில வாரம் தங்கும். இளைஞர்கள் எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்ததும் முதல் திரையிடல் அந்த ஊருக்குத்தான். பாட்டியும் சித்தப்பாவும் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்வார்கள். இதைவிடக் கடினமான அரங்கு எந்தத் திரைப்பட விழாவில் இருக்கிறது? 2011-ல் கனடா மத்திய அரசின் நிதி நின்று அந்த வண்டியே ஆட்டம் கண்டது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி.

நீளம்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் ஆர்தர் லமோத் 1970-களில் இன்னு மக்களை மணிக்கணக்கில் படம்பிடித்தார். பெரும் உழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனாலும் அவர் வெளியிலிருந்து வந்தவர். தன் ஊர்ப் பெண்களைப் போலீஸ் இழுத்துச் செல்வதைப் பார்க்கும் கண் அவருக்கு எப்படி வாய்க்கும்?

பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளியைப் பற்றி லெப்லான் 2013-ல் எடுத்த படத்தைப் பாருங்கள். அந்தப் பள்ளி 1952 முதல் 1971 வரை அவருடைய ஊரிலேயே இருந்தது. பார்த்துவிட்டு அதில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டாம்.