இட்லிக்கடை அம்மா ஏன் அழ வேண்டும்?

நாடகப் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத்தில் எனக்கு 60 வயது இட்லிக்கடை அம்மா வேடம். ஒரே மகன் வேலைக்காக வெளியூர் கிளம்பும் காட்சியில் அழ வேண்டும். அழுகை வரவே மாட்டேன் என்கிறது. முதுகைக் கூனி, குரலை நடுக்கினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யட்டும்?
மாணவி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தக் கூனலையும் நடுக்கத்தையும் விட்டுவிடுங்கள். வயதானவர்கள் வயதைக் காட்டிக்கொள்ள மெனக்கெடுவதில்லை. முடிந்த மட்டும் மறைக்கத்தான் பார்ப்பார்கள். அதுவும் வருஷக்கணக்காக மாவுப் பாத்திரம் தூக்கிய பெண்ணுக்குத் தோளும் கையும் உங்களைவிட உறுதியாக இருக்கும். முட்டிதான் போயிருக்கும்.

நாளைக் காலையில் பக்கத்துத் தெரு இட்லிக்கடைக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டு, அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். (செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். பிடித்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.) மூடியைத் திறக்கும்போது ஆவி அடிக்காமல் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறார்? துணியோடு இட்லியைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரிக்கிறாரே, எந்த விரல் வேலை செய்கிறது? காசு வாங்குமுன் கையை எங்கே துடைக்கிறார்? உட்கார எந்தக் கையை ஊன்றுகிறார்? ஒத்திகையில் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பழகுங்கள். அப்புறம் பாத்திரமே இல்லாமல், அதே எடை இருப்பதுபோல் வெறுங்கையால் தூக்குங்கள். இடுப்பும் முட்டியும் எப்படி மடங்கின என்பதை உடம்பு மறக்காது. நீங்கள் தேடும் வயது அங்கேதான் இருக்கிறது.

இனி அழுகை. அந்தக் காட்சியில் மகனிடமிருந்து அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘சோகமாக இருக்கிறாள்’ என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு மேடையில் ஒன்றும் செய்ய முடியாது. ‘பஸ் வருவதற்குள் இன்னும் 2 இட்லி சாப்பிட வைக்க வேண்டும்’ என்று எழுதினால் முடியும். அவன் வேண்டாம் என்கிறான். அவள் பொட்டலம் கட்டுகிறாள். இலையை மடிக்கிறாள், நூலைச் சுற்றுகிறாள். நூல் அறுந்துபோகிறது. மறுபடி சுற்றுகிறாள். ஹாரன் சத்தம் கேட்கிறது. ஈரக் கையில் முடிச்சு விழ மாட்டேன் என்கிறது. அந்த முடிச்சைப் போடுவதுதான் உங்கள் வேலை. கண்ணில் நீர் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பாதகமில்லை, பார்க்கிறவர்களுக்கு வந்துவிடும்.

மாஸ்கோவில் நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறையை வகுத்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, முதலில் நடிகரின் சொந்த நினைவுகளைக் கிளறி உணர்ச்சியை வரவழைப்பதில் நிறைய நம்பிக்கை வைத்திருந்தார். 1930களில், தன் கடைசிக் காலத்தில், பாத்திரம் செய்யும் சின்னச் சின்னச் செயல்களிலிருந்து தொடங்குவதற்கு அவர் அதிக முக்கியத்துவம் கொடுத்தார். செத்துப்போன பாட்டியை நினைத்து அழு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். முதல் மேடையில் பலிக்கும். நாலாவது மேடைக்குள் அந்த நினைவு மரத்துப்போகும், பாட்டியின் நினைவைத் தேய்த்துத் தீர்த்ததுதான் மிச்சமாகும்.

கேள்வி: நான் நவீன நாடகங்களில் நடிக்கிறேன். தெருக்கூத்தும் கற்றுக்கொள் என்கிறார்கள். பேண்ட் சட்டை போட்டு நடிக்கிறவனுக்கு அது எதற்கு?
வாசகர், விழுப்புரம்

பதில்: அவசியம் போங்கள். நாடக ஆசிரியர் நா. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்து கற்றுக்கொண்டு நவீன நாடகம் போட்ட குழு. விடிய விடிய ஆடிப் பாடுகிறவருக்கு மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுராத்திரிக்குள் தொண்டை கட்டிவிடும். அடவு (ஆட்டத்தின் அடிவைப்பு) பழகிய கால், மேடையில் சும்மா நிற்கும்போதுகூடத் தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேடம் வரும் முறை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே வேடம் வரும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று கேட்பான். இதை என் பயிற்சிகளில் எந்த நாடகத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். ஒருவர் கட்டியக்காரர், இன்னொருவர் தன் பாத்திரம். செருப்பு எப்போது வாங்கியது? நேற்று யாரோடு சண்டை? பையில் எவ்வளவு இருக்கிறது? யோசிக்க இடம் கொடுக்காமல் கேட்க வேண்டும். பதில் நாடகப் பிரதியில் இருந்தால் அதையேதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடிகர் முடிவு செய்யலாம், அப்புறம் மாற்றக் கூடாது. மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளையாக நடித்த ஒரு பையன், “பையில் 11 ரூபாய், பஸ்ஸுக்கு 7” என்றான். அடுத்த ஒத்திகையில் டீக்கடைக் காட்சி வந்தது. நண்பன் டீ சொல்லப்போனபோது “இப்பதான் குடிச்சேன்” என்றான். அது பிரதியில் ஏற்கெனவே இருந்த வசனம்தான், அதுவரை வெறுமனே ஒப்பித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவன் கை சட்டைப்பை மேல் போய் நின்றது.

கேள்வி: கண்ணாடி முன் நின்று நடித்துப் பழகலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒப்பனை போட மட்டும் கண்ணாடி போதும். நடிக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது எதிரில் நிற்பவரை. வீட்டில் யாராவது 10 நிமிஷம் எதிர்வசனம் படித்தால் அது எவ்வளவோ மேல்.

கேள்வி: மனைவியை அடிக்கும் குடிகாரன் வேடம். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனாலும் கோபம் தணிவதில்லை. பாத்திரமாகவே வாழ்ந்தால்தான் நல்ல நடிகர் என்கிறார்களே?
வாசகர், மதுரை

பதில்: அதை நான் ஏற்கவில்லை. துகிலுரிதல் கூத்தில், துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்குமுன் திரௌபதிக்குச் சூடம் காட்டி வணங்கும் வழக்கம் உண்டு. அதன் பிறகு அவர் ஆடும் ஆவேசம் ஒரு துளிகூடக் குறைவதில்லை. வேடத்துக்குள் போகவும் வெளியே வரவும் நம் ஆட்கள் வழி வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கென்று தனி லுங்கி, தனிச் சட்டை. முடிந்ததும் அங்கேயே மாற்றி, முகம் கழுவி, மனைவியாக நடிப்பவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அடி எந்தக் கையால், எவ்வளவு தள்ளி நின்று, எந்தச் சொல்லில் என்பதை இருவரும் முன்பே பேசி, மெதுவாகச் செய்து பாருங்கள். சத்தத்தைப் பக்கத்தட்டியிலிருந்து வேறொருவர் கைதட்டிக் கொடுக்கட்டும். அந்தப் பெண் ‘வேண்டாம்’ என்றால் அந்த இடத்தில் ஒத்திகை நிற்க வேண்டும், இயக்குநர் என்ன சொன்னாலும் சரி.