வகுக்கும் எண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதியில் நடக்கும் எல்.எச்.சி.பி. பரிசோதனையில் எலக்ட்ரானையும் அதன் கனத்த உறவான மியூவானையும் இயற்கை சமமாக நடத்தவில்லை என்றும், புதிய விசை ஒன்று இருக்கலாம் என்றும் 2021 மார்ச்சில் செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டே அதெல்லாம் இல்லை என்றுவிட்டார்கள். இவ்வளவு செலவழித்தும் பேச்சை மாற்றுகிறவர்களை எப்படி நம்புவது? என் மகள் இயற்பியல் படிக்க விரும்புகிறாள். அனுப்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளைத் தாராளமாக அனுப்புங்கள். ஆசைப்பட்டுப் படிக்கப் போகிற பிள்ளைக்கு என் அனுமதி எதற்கு? செலவுக் கணக்கு வேறு விவாதம். ஆனால் பேச்சை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டை விட மனமில்லை. சில வாரங்களாக அந்த முடிவுகளைத்தான் நானும் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

புதிய விசை என்றதும் மயங்கினீர்கள். எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்கவில்லை. என் கல்லூரி ஆசிரியர் ஒருவர், எந்த விகிதத்தைக் கொண்டுபோனாலும் கீழே இருக்கும் எண்ணைத்தான் முதலில் விசாரிப்பார். இங்கே மேலே இருப்பது, பீ மேசான் என்ற குறுகிய ஆயுள் துகள் சிதைந்து, கேயான் என்ற இலேசான துகள் ஒன்றும் இரு மியூவான்களும் வரும் நிகழ்வு. கீழே இருப்பது, மியூவான்களுக்குப் பதிலாக எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் வரும் நிகழ்வு. மியூவானுக்கு எலக்ட்ரானைவிடச் சுமார் 207 மடங்கு நிறை உண்டு. மற்றபடி விசைகள் இரண்டையும் ஒன்றாகவே நடத்தும் என்கிறது துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல், ஆகவே விகிதம் ஏறத்தாழ ஒன்றாக வரவேண்டும். 2021இல் வந்தது 0.846, விலகல் 3.1 சிக்மா, அதாவது அளவீட்டின் நிச்சயமின்மையைப்போல 3.1 மடங்கு. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும் என்பது அத்துறையின் வழக்கம்; அவர்கள் அப்படிச் சொல்லவுமில்லை.

மியூவான் கருவியின் அடுக்குகளையெல்லாம் துளைத்துக்கொண்டு கடைசி அறைவரை போய்விடுவதால் அதை அடையாளம் காண்பது எளிது. எலக்ட்ரானோ வழியிலுள்ள பொருளில் மோதி ஒளித்துகள்களான ஃபோட்டான்களை உமிழ்ந்து ஆற்றலை இழக்கிறது. அந்த ஃபோட்டான்களைத் தேடியெடுத்து அதன் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகும் அளவு மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலில்தான் பயான் என்ற வேறு துகள்களும் கேயான்களும் எலக்ட்ரான் வேடத்தில் நுழைந்து வகுக்கும் எண்ணைப் பெருக்கி, விகிதத்தைக் கீழே இழுத்திருந்தன. ஜே-சை துகள் வழியாக வரும் சிதைவை வைத்துச் சரிபார்த்தபோது இது புலப்படவில்லை, ஏனெனில் அந்தச் சிதைவு நூறு மடங்குக்கும் மேல் அதிகம். மூட்டை அரிசியில் தெரியாத நாலு கல், ஒரு பிடி அரிசியில் பல்லில் கடிபடும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எதிராளியா? இல்லை ஐயா, அதே குழுதான். 2011 முதல் 2018 வரை திரட்டிய அதே தரவில், எலக்ட்ரானை ஏற்கும் விதிகளை இறுக்கி, மிச்சமிருந்த வேடதாரிகளின் எண்ணிக்கையைத் தரவிலிருந்தே மதிப்பிட்டு, 2022 டிசம்பர் 20 அன்று 0.949 என்று அறிவித்தார்கள். பிழை எல்லையோடு பார்த்தால் அது ஒன்றுக்குச் சமம்தான். உலகமே கொண்டாடிய தங்கள் எண்ணைத் தாங்களே குடைந்து பார்த்தவர்களை நம்பாமல் வேறு யாரை நம்புவதாக உத்தேசம்?

எலக்ட்ரான், மியூவான் குடும்பத்தில் மிகக் கனமான டாவ் லெப்டான் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பீ மேசான், டி மேசான் என்ற இன்னொரு துகளாகச் சிதையும்போது டாவ் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வருகிறது என்று அமெரிக்காவின் பாபார் குழு 2012இல் சொன்னது. பல குழுக்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று சிக்மாவுக்கும் மேலான விலகல் இன்றும் நிற்கிறது. அங்கே கண்ணில் படாமல் தப்பிப்போகும் நியூட்ரினோக்களை எப்படிக் கணக்கில் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள். முடிந்தால் மகளையே எழுதச் சொல்லுங்கள்.