கட்டில் வாங்க வேண்டாம், பாய் போதும்

கேள்வி: எனக்கு 51 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலையில் எழுந்தால் முதுகு கட்டையாக இருக்கிறது. கால் மணி நேரம் நடந்தால் விட்டுவிடும். ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று போட்டிருக்கிறார்கள். யூடியூபில் காட்டும் பூனை-பசு பயிற்சியைச் செய்யலாமா? பக்கத்து வீட்டு அக்கா சூடு வைக்கும் கல் கட்டில் வாங்கச் சொல்கிறார்.

பதில்: பயிற்சி செய்யலாம். கட்டில் வேண்டாம்.

முதலில் அந்த ஸ்கேன். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க், அது கொஞ்சம் பிதுங்கியிருந்தால் டிஸ்க் பல்ஜ். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது, 50 வயதில் 60 சதவீதம். நீங்கள் எழுதியதில் வலி காலுக்கு இறங்குவதாகவோ, கால் மரத்துப்போவதாகவோ எதுவும் இல்லை. பிறகு எதற்கு எம்ஆர்ஐ ஸ்கேன்? எழுதிக்கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். ஸ்கேன் சென்டர்களில் கமிஷன் எப்படிப் போகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

இனி பயிற்சி. பாயில் முட்டி போட்டு, கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். தோளுக்கு நேர் கீழே உள்ளங்கை, இடுப்புக்கு நேர் கீழே முட்டி. மூச்சை இழுத்தபடி வயிற்றைத் தளர்த்தித் தரைப்பக்கம் இறக்கி, நெஞ்சை முன்னால் கொண்டு வாருங்கள். மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்துத் தூக்குங்கள். நிதானமாக 8 முறை போதும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே நன்றாக அசையும் கீழ் இடுப்பும் கழுத்தும்தான் ஆடும், நடு முதுகு அப்படியே கிடக்கும். நாள் முழுக்க மெஷின்மேல் குனிந்திருப்பவருக்கு விறைத்துப்போவதே அந்த நடு முதுகுதான். அதனால் முதுகைத் தூக்கும்போது உள்ளங்கையால் தரையை அழுத்தித் தள்ளுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே மேலெழும்புவது தெரிய வேண்டும். முட்டி வலித்தால் போர்வையை மடித்துப் போடுங்கள், அல்லது ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் கை ஊன்றிச் செய்யுங்கள்.

எழுந்த உடனே செய்யாதீர்கள். இரவில் டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். ஒரு மணி நேரம் போகட்டும்.

சரி, கல் கட்டில். விற்கிற இடத்தில், தினமும் வந்து படுத்துப் பாருங்கள், இலவசம் என்பார்கள். அம்மா, அக்கா என்று பாசமாகப் பேசி, சர்க்கரையும் குறையும் என்பார்கள். மாதம் திரும்புவதற்குள் தவணைத் தாள் கைக்கு வரும். சூடு கொடுத்தால் தசை கொஞ்ச நேரம் இளகும், மறுக்கவில்லை. வெந்நீர்ப் பை அதே வேலையைச் சில நூறு ரூபாயில் செய்துவிடும். ‘10 நாள் கரண்ட் வைக்க வேண்டும்’ என்று பேக்கேஜ் போட்டு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராத பிசியோதெரபி கிளினிக்குகளும் இதே கணக்குதான். நானும் பிசியோதெரபிஸ்ட், அவர்களும் எங்கள் ஆட்கள்தான், என்ன செய்வது. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வாசலுக்கே வருகிறார், நல்லது. நடமாடும் டெய்லருக்குப் பத்து நிமிடம் சொல்லித்தர மட்டும் எந்த வரிசையிலும் யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நிஜமாகவே கவனம் தேவை. மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகிவிட்டதா? வீசிங்குக்கோ மூட்டு வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா? லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்ததுண்டா? உயரம் குறைந்த மாதிரி, ரவிக்கை முதுகுப்பக்கம் ஏறிக்கொள்ளும் மாதிரி இருக்கிறதா? இருந்தால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முதுகை அழுத்தி வளைத்தால் முள்ளெலும்பு நசுங்கக்கூடும். ‘எலும்புத் தேய்மானம்’ என்று மூட்டுவலிக்கும் இதற்கும் ஒரே பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு. எம்ஆர்ஐக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பகுதி இருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கலாம், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் டெக்ஸா கேளுங்கள். முடிவு வரும்வரை முதுகைத் தூக்கி வளைக்கும் பாதியை விட்டுவிட்டு, நெஞ்சை முன்னால் கொண்டுவரும் பாதியை மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள்.